எத்தனை இணைப்புகள் போதும்?

இணையச் செயலிகள் தகவலைப் பெரும்பாலும் தம்மிடம் வைத்துக்கொள்வதில்லை. வரும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் சர்வர், பின்னாலிருக்கும் தரவுத்தளத்தைக் கேட்டே பதில் சொல்கிறது. கேட்பதற்கு ஓர் இணைப்பு வேண்டும். ரயில் டிக்கெட், தேர்வு முடிவு, வங்கிக் கணக்கு எல்லாம் இப்படித்தான். தூத்துக்குடி போன்ற பெருந்துறைமுகங்களின் கப்பல் ஆவணங்களும் இணையவழிப் பரிமாற்றத்துக்கு வந்துவிட்டன. கூட்டம் அதிகமான நேரத்தில் இத்தகைய தளங்கள் திணறினால், முதலில் பார்க்கவேண்டிய இடங்களில் ஒன்று இந்த இணைப்புகள்.

இணைப்பைத் திறக்கவே நேரம் பிடிக்கும். இரு கணினிகளும் மூன்று செய்திகளைப் பரிமாறி டிசிபி தொடர்பை ஏற்படுத்தவேண்டும். மறையாக்கம் இருந்தால் அதற்குத் தனிப் பேச்சு. பிறகு கடவுச்சொல் சரிபார்ப்பு. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் ஒவ்வோர் இணைப்புக்கும் ஒரு தனி ப்ராசஸை உருவாக்குகிறது. மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் வழக்கமாக ஒரு த்ரெட்டை ஒதுக்குகிறது. ஐந்து மில்லிநொடியில் முடியும் கேள்விக்கு முன்னால் இத்தனை ஏற்பாடு. அதனால் சில இணைப்புகளை முன்கூட்டியே திறந்துவைத்து, கோரிக்கைகள் மாறிமாறி எடுத்துப் பயன்படுத்தும்படி செய்கிறார்கள். இதற்குக் கனெக்‌ஷன் பூல் என்று பெயர்.

பூலில் எத்தனை இணைப்புகள் இருக்கவேண்டும்? நூறு, இருநூறு என்று ஏற்றிவிடத் தோன்றும். தூத்துக்குடித் துறைமுகத்தைப் பார்த்தால் அது ஏன் தவறு என்று விளங்கும். சரக்கை இறக்கும் கப்பல் தளம் காலியாகும்வரை கப்பல்கள் வெளியே நங்கூரமிட்டுக் காத்திருக்கின்றன. 2024 செப்டம்பர் 16 அன்று அங்கே மூன்றாவது சரக்குப் பெட்டக முனையம் திறக்கப்பட்டது. புதிய தளம் பலன் தருவதற்குக் கிரேன்களும், பெட்டகங்களை அடுக்கும் இடமும், லாரிகளுக்குச் சாலையும் கூடவே வேண்டும். அவை இல்லாவிட்டால் கப்பல் வெளியே நிற்பதற்குப் பதில் உள்ளே நிற்கும், அவ்வளவுதான். தரவுத்தளத்தில் கிரேனின் வேலையைச் செய்பவை ப்ராசஸர் கோர்களும் வட்டும். போஸ்ட்கிரெஸ் சமூகத்தில் நெடுநாளாக வழங்கும் கணக்கு ஒன்று உண்டு: கோர்களின் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கி, வட்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டவேண்டும். நான்கு கோர், ஒரு வட்டு என்றால் ஒன்பது. இதைத் தொடக்கப் புள்ளியாகக் கொண்டு அளந்து பார்த்துத் திருத்தலாம். ஜாவா உலகில் பரவலான ஹிகாரிசிபி நூலகம் பத்து இணைப்புகளையே இயல்பு வரம்பாக வைத்திருக்கிறது.

பத்து போதுமா என்பது, ஒவ்வோர் இணைப்பும் எவ்வளவு நேரம் பிடித்துவைக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தது. ஒரு கோரிக்கைக்கு ஐந்து மில்லிநொடி போதுமென்றால், பத்து இணைப்புகள் நொடிக்கு 2,000 கோரிக்கைகளை முடிக்கும். இணைப்பைக் கையில் வைத்துக்கொண்டே செயலி, பணம் கட்டும் தளம் ஒன்றின் பதிலுக்காக இரண்டு நொடி காத்திருந்தால் நொடிக்கு ஐந்துதான் முடியும். தரவுத்தளம் அப்போது சும்மா இருக்கும். இணையத் தளமோ முடங்கிக் கிடக்கும். பூலைப் பெரிதாக்குவதற்கு முன் இத்தகைய இடங்களைத் தேடித் திருத்துவதே சரியான வைத்தியம்.

எடுத்த இணைப்பைத் திருப்பித் தராமல் விடுவது இன்னொரு நோய். நிரலில் பிழை நேரும் பாதையில் இணைப்பை விடுவிக்க மறந்திருந்தால், ஒவ்வொரு பிழைக்கும் ஓர் இணைப்பு காணாமல் போய், சில மணி நேரத்தில் பூல் வற்றிவிடும். காலி இணைப்புக்கான காத்திருப்புக்கும் வரம்பு வேண்டும். ஹிகாரிசிபி 30 நொடி காத்துவிட்டுப் பிழை என்று சொல்லும். மக்கள் பயன்படுத்தும் தளத்துக்கு அதுவே அதிகம்.

நீண்ட நேரம் சும்மா இருக்கும் இணைப்பை மறுமுனை அறுத்துவிடக்கூடும். மைஎஸ்கியூஎல் இயல்பாக எட்டு மணி நேரத்தில் துண்டிக்கும். இடையிலுள்ள ஃபயர்வால் அதற்கு முன்பே துண்டிக்கலாம். இரவு முழுதும் யாரும் வராத தளத்தில் காலையில் வரும் முதல் கோரிக்கை பிழையில் முடிவது இதனால்தான். எனவே இணைப்புகளைக் குறித்த நேரத்தில் பூலே மூடிப் புதிதாகத் திறக்கவேண்டும்.

சர்வர்கள் பெருகும்போது கணக்கு மாறுகிறது. தலா 20 இணைப்புகளுடன் பத்து சர்வர்கள் ஓடினால் 200. போஸ்ட்கிரெஸின் இயல்பு வரம்போ 100. இங்கே பிஜிபவுன்சர் போன்ற இடைநிலை மென்பொருள் உதவும். நூற்றுக்கணக்கான செயலி இணைப்புகளை ஏற்று, தரவுத்தளத்துடன் சில இணைப்புகளை மட்டும் அது வைத்துக்கொள்ளும். பரிவர்த்தனை முடிந்ததுமே இணைப்பை வேறொருவருக்குக் கொடுக்கும் முறையில் அது இயங்கினால், அமர்வு நெடுகிலும் நீடிக்கவேண்டிய அமைப்புகளையும் பூட்டுகளையும் நம்பி எழுதிய நிரல்களை முதலில் மாற்றி எழுதவேண்டும்.