கடல் கடத்திய வினைச்சொல்

இந்திய தண்டனைச் சட்டம் 1862 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் 53ஆவது பிரிவில் தண்டனைகளின் வரிசை இருந்தது. முதலில் மரண தண்டனை. அதற்கு அடுத்தபடி சிறைவாசம் இருக்கும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்போம். ஆனால் இரண்டாவதாக இருந்தது 'டிரான்ஸ்போர்ட்டேஷன்'. லாரி ஆபீஸ் போர்டிலும் பேருந்துக் கழகத்தின் பெயரிலும் தினமும் படிக்கிறோமே, அந்தச் சொல்தான். நான் பிறந்து வளர்ந்த போர்ட் பிளேர், 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று அழைக்கப்படும் ஊர், இந்தச் சொல்லால் உருவான ஊர்.

இங்கே பள்ளியில் நான் ஆங்கிலம் நடத்தினேன். செயப்பாட்டு வினைப் பாடம் வரும்போதெல்லாம் 'டிரான்ஸ்போர்ட்'டைத்தான் கரும்பலகையில் எழுதுவேன். ஒருமுறை பின் பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து கேட்டான்: "சார், 'டிரான்ஸ்போர்ட்டட் ஃபார் லைஃப்'னா ஆயுசு முழுக்கக் கப்பல்லயே வச்சிருப்பாங்களா?" வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. அங்கே இருந்த பிள்ளைகளில் பலர் அப்படிக் கொண்டுவரப்பட்டவர்களின் கொள்ளுப்பேரப் பிள்ளைகள். கேட்டவனும் அப்படித்தான். அவன் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டுமானால் சொல்லின் வேரிலிருந்து தொடங்க வேண்டும்.

எழுத்துக் கூட்டல் எளிது. டி, ஆர், ஏ, என், எஸ் என்ற ஐந்து எழுத்துகள் ஒரு துண்டு. பி, ஓ, ஆர், டி என்ற நான்கு எழுத்துகள் இன்னொரு துண்டு. இரண்டும் லத்தீன். முன்பாதி 'டிரான்ஸ்' என்றால் தாண்டி, அந்தப்பக்கம். பின்பாதிக்கு மூலம் 'போர்ட்டாரே', அதாவது சுமந்து செல்லுதல். ரயில் நிலையத்தில் பெட்டி தூக்கும் போர்ட்டரின் பெயர் இதே வேரில் பிறந்தது. இம்போர்ட், எக்ஸ்போர்ட், டிபோர்ட் எல்லாம் அதன் உடன்பிறப்புகள். துறைமுகத்தைக் குறிக்கும் 'போர்ட்' இதற்குத் தூரத்துச் சொந்தம். போர்ட் பிளேர் என்ற பெயரிலேயே அந்த உறவு இருக்கிறது.

பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டில் இச்சொல் ஆங்கிலத்துக்கு வந்தது. உச்சரிப்பிலும் ஒரு நுட்பம் உண்டு. பெயர்ச்சொல்லாக வந்தால் முன்பாதியை அழுத்திச் சொல்ல வேண்டும். வினைச்சொல்லாக வந்தால் அழுத்தம் பின்பாதிக்குப் போகும், சுமை இருக்கும் பக்கத்துக்கு.

17ஆம் நூற்றாண்டில் இச்சொல்லுக்கு இரண்டு புதுப் பொருள்கள் வழக்கில் இருந்தன. பரவசத்தில் தன்னை மறப்பதையும் இதே வினையால் சொன்னார்கள். குற்றவாளியைக் கடல் கடந்து அனுப்புவதற்கும் இதுவே பெயர். 1718இல் பிரிட்டனில் ஒரு சட்டம் இந்த இரண்டாவது பொருளை முறைப்படுத்த, கைதிகள் அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அமெரிக்கா விடுதலைப் போரில் இறங்கியதும் அந்த வழி அடைபட்டது. அடுத்து ஆஸ்திரேலியா: 1788 முதல் 1868 வரை ஏறத்தாழ 1,60,000 பேர்.

இந்தியக் கைதிகளுக்கு வேறு கரைகள். சுமத்ராவின் பென்கூலன், பினாங்கு, சிங்கப்பூர், மொரீஷியஸ், பர்மா. 1789இல் லெப்டினன்ட் ஆர்ச்சிபால்ட் பிளேர் அந்தமானில் தொடங்கிய முதல் குடியேற்றம் நோயால் நிலைகுலைந்து 1796இல் கைவிடப்பட்டது. 1857 எழுச்சிக்குப் பிறகு மறுபடி அந்தமான் நினைவுக்கு வந்தது. 1858 மார்ச் 10 அன்று டாக்டர் ஜே. பி. வாக்கர் 200 கைதிகளோடு 'செமிராமிஸ்' கப்பலில் வந்து சேர்ந்தார். தமிழில் அந்தத் தண்டனைக்குத் தீவாந்தரம் என்று பெயர். வடக்கே காலாபானி என்றார்கள். கடல் தாண்டினால் சாதியும் சொந்தமும் போய்விடும் என்று நம்பிய மக்களிடம் சிறையைவிடக் கடலுக்கே அச்சம் அதிகம். சட்டம் வகுத்தவர்கள் அதை அறிந்தேதான் இத்தண்டனையைத் தூக்குக்கு அடுத்த படியில் வைத்தார்கள்.

என் மாணவர்களிடம் நான் அழுத்திச் சொன்னது இதைத்தான். இந்த வினைக்கு எழுவாய் அரசு. மனிதன் வெறும் செயப்படுபொருள். பதிவேடுகளில் அவன் 'டிரான்ஸ்போர்ட்டட்' என்றே வருவான்; அவனைச் சுமந்து சென்றது யார் என்று அந்த வரி சொல்லாது. கல்கத்தா, சென்னை, ரங்கூன் துறைமுகங்களிலிருந்து 'மகாராஜா' என்ற கப்பல் கைதிகளை ஏற்றி வந்தது. இறங்கியதும் கழுத்தில் ஒரு மரச்சீட்டு தொங்கவிடப்படும். அதில் கைதியின் எண், தண்டனைப் பிரிவு, தண்டனை விதித்த தேதி ஆகியவை இருக்கும். பெயர் போய் எண் வந்துவிடும். உள்ளங்கையில் அடங்கக்கூடிய ஒரு மரத்துண்டில் ஒருவன் வாழ்க்கையை எழுதி முடித்துவிட்டார்கள்.

1908 ஜூலை 7 அன்று திருநெல்வேலியில் நீதிபதி பின்ஹே வ.உ.சிதம்பரம் பிள்ளைக்கு விதித்ததும் இந்தத் தண்டனைதான், அதுவும் இரண்டு முறை. சுப்பிரமணிய சிவாவுக்குப் பத்தாண்டு தீவாந்தரம். மேல்முறையீட்டில் வ.உ.சி.யின் தண்டனை குறைந்தது. கோயம்புத்தூர், கண்ணனூர் சிறைகளில் வாடி 1912 டிசம்பரில் வெளியே வந்தார். அந்தமானுக்கு அவர் வரவே இல்லை. இன்று அதை 'இரட்டை ஆயுள் தண்டனை' என்று எழுதுகிறோம். அப்படி எழுதும்போது அந்தத் தீர்ப்பிலிருந்த கடல் வற்றிப்போகிறது. சுதேசிக் கப்பல் விட்ட ஒருவரைக் கப்பலேற்றிக் கண்காணாத கரைக்கு அனுப்ப உத்தரவானது என்பது பிள்ளைகளுக்குத் தெரியாமலே போகிறது.

காலப்போக்கில் சட்டத்துக்குள்ளேயே இச்சொல்லின் பொருள் தேய்ந்தது. லாகூர் சதி வழக்கில் இத்தண்டனை பெற்ற கிஷோரி லால் தன்னை விடுதலை செய்யக் கோரிய வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. தீவாந்தரம் என்றால் கடல் கடத்தியே ஆக வேண்டும் என்பதில்லை, இந்தியச் சிறையிலேயே வைத்திருக்கலாம் என்று அங்கே தீர்ப்பானது. 1945இல், ஜப்பானியர் பிடியிலிருந்து மீண்ட அந்தமானில் கைதிக் குடியேற்றமும் முடிவுக்கு வந்தது. பிறகு 1955ஆம் ஆண்டின் 26ஆவது சட்டம், 1956 ஜனவரி 1 முதல் இந்தச் சொல்லையே எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஆயுள் சிறை என்று வைத்தது. நல்ல காரியம். தண்டனை போகத்தான் வேண்டும், நினைவு மட்டும் போகக் கூடாது.

அந்தப் பையனுக்கு நான் சொன்ன பதில் இதுதான்: கப்பலில் போவது சில நாள்தான். 'ஃபார் லைஃப்' என்பது திரும்பும் வழி இல்லாத அந்தக் கரையைக் குறிக்கிறது. ஆனால் கரையில் இறங்கியவர்கள் செயப்படுபொருளாகவே இருந்துவிடவில்லை. சில ஆண்டுகள் ஒழுங்காகக் கழித்தவர்களுக்கு நிலம் கிடைத்தது. பெண் கைதிகளை மணந்து குடும்பமானார்கள். அப்படிக் குடியமர்ந்த தம்பதிகளின் நினைவாகவே எங்கள் ஊரில் ஷாதிபூர் என்று ஒரு பகுதி இருக்கிறது. 1921 மலபார் எழுச்சிக்குப் பின் வந்த மாப்பிளா முஸ்லிம்கள் தெற்கு அந்தமானில் காலிகட், திரூர், வண்டூர், மன்னார்காடு என்று தங்கள் ஊர்ப்பெயர்களையே நட்டுவைத்தார்கள். கடற்கரை பார்க்க வண்டூருக்குப் போகும் தமிழர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று தெரியும்? வந்தவர்களின் வாரிசுகளை இங்கே 'லோக்கல் பார்ன்' என்கிறார்கள். சாதி கேட்காமல், மதம் கேட்காமல் மணம் முடித்து, இந்துஸ்தானியைப் பொதுமொழியாக்கிக்கொண்ட சமூகம் அது.

இங்குள்ள செல்லுலர் சிறைக்கு வரும் நம் ஊர்க்காரர்கள் புகழ்பெற்ற பெயர்களைத் தேடிப் படிக்கிறார்கள், படிக்கத்தான் வேண்டும். அந்தச் சிறை கட்டி முடிந்தது 1906இல். அதற்கு முன்னால் அரை நூற்றாண்டாகக் காடு வெட்டி, சதுப்பைத் தூர்த்து இந்த ஊரை உண்டாக்கியவர்களில் பெரும்பாலோர் சாதாரணக் கைதிகள். பாடநூல் எழுதுகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள்: வ.உ.சி.யின் தண்டனையைச் சொல்லும் இடத்தில் 'தீவாந்தரம்' என்ற நம் பழைய சொல்லையும் சேர்த்து எழுதுங்கள். அதற்கு அடியில் ஒரு வரியில் பொருளும் கொடுங்கள். அதைப் படிக்கும் பிள்ளை, கடல் கடத்தப்பட்டவர்கள் வேறு யார் யார் என்று அடுத்த கேள்வியைத் தானே கேட்கும்.