வியர்வை சுரக்காத குழந்தைகள்: கோடையில் உயிருக்கே ஆபத்து

புது தில்லி: கோடையில் தொற்று ஏதுமின்றி அடிக்கடி கடும் காய்ச்சல் காணும் ஆண் குழந்தைக்கு முடி மெலிந்தும், பற்கள் முளைக்காமலும் இருந்தால் பெற்றோர் அலட்சியம் காட்டக் கூடாது. அது வியர்வைச் சுரப்பிகள் உருவாகாத பிறவிக் குறைபாடாக இருக்கலாம். வியர்க்காத உடல் வெப்பத்தைத் தணித்துக்கொள்ள இயலாது.

கருவில் தோல் செல்கள் மயிர்க்கால்களாகவும், வியர்வைச் சுரப்பிகளாகவும், பற்களாகவும் உருப்பெற எக்டோடிஸ்பிளாசின் என்ற புரதம் தேவை. எக்ஸ் குரோமோசோமில் உள்ள அதற்கான மரபணு 1996-ல் கண்டறியப்பட்டது. பழுதுபட்ட மரபணுவைத் தாங்கிய தாயின் ஒவ்வொரு மகனுக்கும் பாதிப்பு வர 50 சதவீத வாய்ப்பு உண்டு.

அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவின் சிந்துப் பகுதியில், ஒரே குடும்பத்தின் நான்கு தலைமுறைகளில் பத்து ஆண்களுக்கு இக்குறை இருந்ததை 1875-லேயே டார்வின் பதிவு செய்தார்.

ஜெர்மனியில் இப்புரதத்தைப் பனிக்குட நீரில் செலுத்தியதால் மூன்று ஆண் குழந்தைகள் வியர்க்கும் திறனுடன் பிறந்ததாக 2018-ல் மருத்துவர்கள் அறிவித்தனர். ஆகவே, கருவிலேயே கண்டறிவது முக்கியம். மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை 2019-ல் தொடங்கிய 'உம்மீத்' திட்டம், பரம்பரை நோய்களுக்கான பரிசோதனையையும் ஆலோசனையையும் அரசு மருத்துவமனைகளுக்குக் கொண்டுசெல்வதை நோக்கமாகக் கொண்டது. பிறந்துவிட்ட குழந்தைக்கோ நிழலும், நீரும், ஈரத் துணியுமே பாதுகாப்பு.