எங்கே செட்டில் ஆகப் போகிறீர்கள்?

மத்திய அரசு வேலையில் இருப்பவர்களுக்கு ஓய்வு பெற ஆறு மாதம் இருக்கும்போதே ஒரு கேள்வி துரத்த ஆரம்பித்துவிடும். பக்கத்து சீட்டுக்காரர், கேன்டீன் நடத்துபவர், மலைமந்திர் படியேறும்போது எதிர்ப்படும் நண்பர், எல்லோரும் கேட்பார்கள்: "அப்புறம், எங்கே செட்டில் ஆகப் போறீங்க?" இந்தக் கேள்விக்கு 36 வருடங்களாக நான் ஒரே பதிலைத்தான் கைவசம் வைத்திருந்தேன். "வேற எங்கே? ஊருக்குத்தான்!"

1983-ல் ஜி.டி. எக்ஸ்பிரஸில் ஒரு டிரங்குப் பெட்டியுடன் டில்லி வந்து இறங்கியபோதே, இது தற்காலிகம் என்றுதான் நினைத்தேன். கரோல்பாகில் ஓர் ஒண்டுக்குடித்தனம், பிறகு ராமகிருஷ்ணபுரத்தில் குவார்ட்டர்ஸ், கடைசியில் துவாரகாவில் சொசைட்டி ஃபிளாட் என்று 'தற்காலிகம்' நீண்டுகொண்டே போனது. ஃபிளாட் வாங்கியதுகூட, பிள்ளைகளின் படிப்பு முடிகிற வரையில் என்று சொல்லித்தான்.

ஊர் என்று நான் சொல்வது அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறு கிராமம். பாபநாசம் அணையிலிருந்து வரும் தண்ணீரில் கார், பிசானம் என்று இரண்டு போகம் விளையும் பூமி. வாசலில் நின்றால் மேற்கே மலை. பத்து நிமிட நடையில் தாமிரபரணிப் படித்துறை. மே மாத டில்லி வெயிலில், டாங்கர் லாரிக்காக வாளியோடு நின்ற நாட்களில், அந்தப் படித்துறையை நினைத்துக்கொண்டே நான் குளித்திருக்கிறேன்.

2019-ல் ஓய்வு பெற்றேன். ஆனால் உடனே கிளம்பவில்லை. கிளம்ப வைத்தது 2021 ஏப்ரல் மாதம். டில்லியில் அந்த மாதத்தைக் கழித்தவர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. என் மனைவிக்கு ஆக்சிஜன் அளவு 91-க்கு இறங்கியது. இரவு முழுவதும் சிலிண்டருக்காக யார் யாருக்கோ போன் செய்தேன். மகன் புனேயில், மகள் பெங்களூரில். அந்த ஃபிளாட்டில் நாங்கள் இருவரும் ஒரு ஆக்சிமீட்டரும்தான். ஆண்டவன் புண்ணியத்தில் நான்காம் நாள் அளவு ஏறியது. அன்றே தீர்மானித்துவிட்டேன், இந்த ஊரில் சாகக் கூடாது என்று.

வீட்டைச் சரி செய்ய ஒன்றரை வருடம் ஆயிற்று. பூர்வீக வீட்டில் என் பங்கான தெற்குப் பாதிக்கு ஓடு மாற்றி, குளியலறை கட்டி, ஆழ்துளைக் கிணறு போட்டேன். துவாரகா ஃபிளாட்டை ஒரு கம்பெனி இளைஞருக்கு வாடகைக்கு விட்டேன். 11 மாத ஒப்பந்தம். (ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் பதிவு செய்ய வேண்டும்; ஆகவே நாடு முழுவதும் எல்லோரும் 11 மாதம்தான் எழுதுகிறோம்.) 2023 பொங்கல் முடிந்ததும் திருக்குறள் எக்ஸ்பிரஸில் ஏறினோம்.

முதல் இரண்டு மாதம் தேனிலவுதான், போங்கள்! தம்பி வீட்டிலிருந்து கீரை வரும். அம்பை 16 அரிசிச் சோறு. காலையில் படித்துறைக் குளியல். பேப்பர் படித்து முடிக்கும்போது மணி ஒன்பது.

பிரச்சினை அந்த ஒன்பது மணிக்குப் பிறகுதான் என்பது மெதுவாகத்தான் புரிந்தது. என்னோடு பம்பரம் விட்டவர்களில் இருவர் காலமாகிவிட்டார்கள், ஒருவர் மும்பையில், ஒருவர் சென்னையில் மகள் வீட்டில். டீக்கடையில் பேசப்படும் வழக்கு, வாய்க்கால் தகராறு, கல்யாணம் எதுவும் எனக்குத் தலையும் தெரியாது, காலும் தெரியாது. எல்லோரும் மரியாதையாக நகர்ந்து இடம் கொடுத்தார்கள். அந்த மரியாதைதான் உறுத்தியது. "வாங்க டெல்லி அண்ணாச்சி!" டில்லியில் நான் மதராஸி, ஊரில் டெல்லிக்காரன். இது போதாதென்று, பையனுக்கு டில்லியில் வேலைக்குச் சொல்லச் சொல்லி வாரம் ஒருவர் வருவார். நான் செக்‌ஷன் ஆபீசராக ஓய்வு பெற்றவன் என்று சொன்னால் நம்பவே மாட்டார்கள்.

வைத்தியம் பற்றி ஒரு வார்த்தை. ஓய்வு பெறப் போகும் அன்பர்கள் இதைக் கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும். சி.ஜி.எச்.எஸ். வசதி இல்லாத ஊரில் குடியிருக்கும் பென்ஷன்தாரர், தினசரி வைத்தியத்துக்கு மாதாந்திர மருத்துவப்படி வாங்கிக்கொள்ளலாம். 2017-ல் அதை 1000 ரூபாயாக உயர்த்தினார்கள். நான் ஊரில் இருந்தபோதும் அதே 1000 தான். எங்கள் இருவரின் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளுக்கே அது பாதியில் தீர்ந்துவிடும். ஆனால் நவம்பர் மாத ஆயுள் சான்றிதழுக்காக டில்லியில் இருந்தாக வேண்டும் என்ற பழைய கவலை இப்போது இல்லை. 2014-லிருந்து ஜீவன் பிரமாண் வந்துவிட்டது. செல்போனில் முகத்தைக் காட்டினாலே உயிரோடு இருக்கிறோம் என்று ஒப்புக்கொள்கிறார்கள்.

ஆகஸ்டில் ஒரு நாள் இரவு எனக்குச் சிறுநீர் அடைத்துக்கொண்டது. (இந்த வயதில் வெட்கப்பட்டு ஆவதென்ன?) 108-க்குப் போன் செய்தோம். வண்டி வந்து சேர்வதற்குள் தெருவே வாசலில் கூடிவிட்டது. அம்பாசமுத்திரம் அரசு ஆஸ்பத்திரியில் குழாய் போட்டு வேதனையைத் தீர்த்தார்கள். மறுநாள் பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரி. வராந்தாவில் எனக்காக ஒன்பது பேர் காத்திருந்தார்கள். 2021-ல் அந்த ஃபிளாட்டில் நாங்கள் இருவர் மட்டும் கிடந்ததை நினைத்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. "பார்த்தியா, இதுக்குத்தான் ஊருங்கறது" என்றேன் மனைவியிடம்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. வீடு திரும்பிய பிறகு, குழாய் எங்கே போட்டார்கள், எத்தனை நாள் இருக்கும், இனி அண்ணாச்சிக்கு எப்படி என்று ஒரு வாரம் பெண்கள் மாறி மாறி வந்து அவளிடம் விசாரித்தார்கள். எல்லாம் அக்கறைதான். எட்டாம் நாள் இரவு அவள் பேசினாள்.

"அன்னைக்கு டெல்லியில நாம ரெண்டு பேர் மட்டும்தான் இருந்தோம்னு எல்லார்கிட்டயும் சொல்றீங்க. மூணாவது மாடி பஞ்சாபி அம்மா பத்து நாளும் கதவுல கிச்சடி மாட்டிட்டு, பெல் அடிச்சுட்டுப் போனாளே, அவளை ஏன் கணக்குல சேர்க்க மாட்டேங்கறீங்க?"

எனக்குப் பதில் இல்லை. அவள் தொடர்ந்தாள். "உங்களுக்கு இது ஊரு. எனக்கு இது மாமியார் வீடு."

என் தாயார் இறந்து பதினாறு வருடம் ஆகிறது. ஆனாலும் அவள் சொன்னதில் பொய் இல்லை. அவள் பிறந்தது கோவில்பட்டிப் பக்கம், கரிசல் காட்டு ஊர். 1988-ல் கல்யாணமாகி இந்த வீட்டில் நான்கு மாதம் இருந்தாள், பிறகு டில்லி. அவளுக்குப் படித்துறையும் கிடையாது, பம்பரமும் கிடையாது. இந்த வீட்டின் நினைவு என்றால் அடுப்படி மட்டுமே. டில்லியிலோ ஹிந்தி கற்றுக்கொண்டு, மெட்ரோவில் தனியாகக் கரோல்பாக் போய் வந்து, ஞாயிறு தோறும் சொசைட்டிக் குழந்தைகள் பத்துப் பேருக்கு அ, ஆ சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஊரில் தபாலாபீசுக்குக் கிளம்பினால் நாலு திண்ணையிலிருந்து குரல் வரும்: "மைனி, எங்க போறிய?" நான் அதே தெருவில் நடந்தால் யாரும் கேட்பதில்லை. இதை அவள் சொல்லித்தான் கவனித்தேன்.

'ஊருக்குத்தான்' என்று நான் சொன்னபோதெல்லாம் அவள் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். அந்தச் சிரிப்பைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டது என் கெட்டிக்காரத்தனம்.

டிசம்பரில் ஒப்பந்தம் முடிகிறது. நீட்டிப்பதா என்று வாடகைக்காரர் கேட்டுக்கொண்டே இருந்தார். நாளை சொல்கிறேன் என்று நான் இழுத்தடித்தேன். அப்போதுதான் 17-ம் தேதி ஞாயிற்றுக்கிழமை அந்த மழை வந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது பத்திரிகைகளில் வந்ததே, அதே மழை. ஆறு, நட்டிருந்த பிசான வயலையெல்லாம் மூடிக்கொண்டு ஓடியது. என் படித்துறை இருந்த இடமே தெரியவில்லை. எங்கள் தெரு மேட்டில் இருந்ததால் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. மின்சாரமும் போனும் மட்டும் போயின. போன் உயிர் பெற்றதும் முதலில் வந்தது வாடகைக்காரரின் செய்திதான். "சார், எஸ் ஆர் நோ?"

மனைவியைப் பார்த்தேன். அவள் பயந்திருக்கவில்லை. எதிர்வீட்டுக் குழந்தைகளுக்கும் சேர்த்து மண்ணெண்ணெய் அடுப்பில் கஞ்சி வைத்துக்கொண்டிருந்தாள். "நோ" என்று பதில் அனுப்பினேன்.

டில்லி திரும்பியதும் நண்பர்களிடம் வெள்ளத்தால் வந்துவிட்டோம் என்றே சொல்லி வந்தேன். எல்லோரும் நம்பினார்கள், அனுதாபப்பட்டார்கள். உண்மைக் காரணத்தை இப்போதுதான் எழுதுகிறேன், மனைவியின் அனுமதியோடு. தெற்குப் பாதி வீட்டில் தம்பி மகன் குடும்பம் இருக்கிறது. நிலம் குத்தகைக்கு. கார் அறுவடையை ஒட்டி நான் மட்டும் ஒரு மாதம் போய் வருகிறேன். டெல்லி அண்ணாச்சிக்கு இப்போது வரவேற்பு கொஞ்சம் கூடியிருப்பதாகவே தோன்றுகிறது.

2024 நவம்பர் நடுவில் டில்லிக் காற்றின் அளவெண் 490-ஐத் தாண்டியது உங்களுக்கு நினைவிருக்கும். 400-க்கு மேல் போனாலே மிக மோசம். அளவுகோலே 500-ல் முடிந்துவிடுகிறது. ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு இருவரும் இருமிக்கொண்டிருந்தோம். மூன்றாம் நாள் அவளே சொன்னாள், "டிக்கெட் போடுங்க, ஊருக்குப் போயிட்டு வருவோம்" என்று.

எனக்குத் தலைகால் புரியவில்லை. கம்ப்யூட்டரைத் திறந்து திருநெல்வேலி என்று அடித்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"அது எதுக்கு? கோவில்பட்டி வரைக்கும் போட்டாப் போதும்."