சுவரில் ஒட்டிய விதித்தாள்

உலகம் முழுக்க ஆடும் ஸ்நூக்கருக்கு விதி எழுதிய ஊர் ஊட்டி. 1875இல் ஜபல்பூர் ராணுவ முகாமில் நெவில் சேம்பர்லின் என்ற இளம் அதிகாரி, பில்லியர்ட்ஸ் மேசையில் வண்ணப் பந்துகள் சிலவற்றைக் கூடுதலாகச் சேர்த்து ஆடிப் பார்த்தார். (பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமரான சேம்பர்லின் வேறு ஆள்.) அந்த இளம் அதிகாரி, மதராஸ் படைத் தளபதி ராபர்ட்ஸிடம் வேலைக்குச் சேர்ந்தபின் கோடைதோறும் அவரோடு ஊட்டிக்கு வந்தார். 1882இல் ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில் ஆட்ட விதிகளை எழுதி மாட்டினார்கள். அதற்குப்பின் புதிதாக வந்தவரும் தாளைப் படித்துவிட்டுக் கோலை எடுக்கலாம். 1885இல் இந்தியா வந்த பில்லியர்ட்ஸ் சாம்பியன் ஜான் ராபர்ட்ஸ் (தளபதி ராபர்ட்ஸ் வேறு) சேம்பர்லினிடமே ஆட்டத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு போனார்.

அந்த அறை கிளப் உறுப்பினர்களுக்கானது. தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளுக்கும் குன்னூர், கோத்தகிரி தெருக்களுக்கும் கேரம் போர்டுதான் மேசை. நம் ஊரில் ஆட்டக்காரர்கள் ஒன்றுசேரவும் ஊட்டிக்காரர்கள் செய்ததையே செய்யலாம்: நிலையான ஓர் இடம், மாறாத ஒரு நாள், எல்லோர் கண்ணிலும் படும் ஒரு விதித்தாள்.

விதித்தாள் சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் கேரம் சண்டைகளில் பாதி, விதி தெளிவாக இல்லாததால்தான் தொடங்குகிறது. ரெட் போட்டால் அடுத்த அடியிலேயே ஃபாலோ போட வேண்டுமா? பெருவிரலால் அடிக்கலாமா? ஸ்ட்ரைக்கர் குழிக்குள் போனால் எத்தனை காய் திருப்பி வைக்க வேண்டும்? ஒவ்வொரு லயனிலும் ஒரு பதில். 1988இல் சென்னையில் உருவான சர்வதேச கேரம் சம்மேளனம் விதிகளைத் தெளிவாக வகுத்திருக்கிறது. அவற்றைத் தமிழில் எழுதி ஒட்டிவிட்டால், பக்கத்து எஸ்டேட் பையன் தயங்காமல் வந்து உட்காருவான்.

இடத்துக்கு எங்கே போவது? 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், 13ஆம் பிரிவில், தொழிலாளர்களுக்கும் குழந்தைகளுக்கும் பொழுதுபோக்கு வசதி செய்துதர முதலாளிகளைப் பணிக்கும் விதிகளை மாநில அரசு வகுக்கலாம் என்று சொன்னது. ஆக, தோட்டத்தில் ஓர் ஆட்ட அறை கேட்பது அதிகப்படியான ஆசையே இல்லை. அந்த அறை பெண்பிள்ளைகளும் வந்து ஆடும்படி இருக்க வேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. டீக்கடை வாசலில் போர்டு போட்டால் அவர்கள் நின்று பார்க்கக்கூட வரமாட்டார்கள். 2024 உலக கேரம் போட்டியில் மூன்று தங்கம் வென்ற காசிமா சென்னைப் பெண். அப்படி ஒருத்தி மலையிலும் இருக்கலாம். போர்டருகே வந்தால்தானே தெரியும்!

அடுத்தது விளையாட்டுச் சாமான் கடை. ஸ்ட்ரைக்கர் 15 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது; அதற்குள்ளும் ஒவ்வொருவர் விரலுக்கும் ஒரு எடை ஒத்துவரும். கடைக் கண்ணாடிமேல் நாலைந்தை வைத்துச் சுண்டிப் பார்த்து எடுப்பதுபோல் போன் படத்தில் எடுக்க முடியாது. காய் ஒன்று தொலைந்தாலோ, வலை கிழிந்தாலோ, பவுடர் தீர்ந்தாலோ அன்று மாலையே வேண்டும். ஊரில் யார் யார் ஆடுகிறார்கள் என்பதும் கடைக்காரருக்குத்தான் தெரியும். "சனிக்கிழமை ஆறு மணிக்கு ஆட்டம்" என்று ஒரு தாளை அவர் கண்ணாடியில் ஒட்டக் கேளுங்கள். உங்கள் பவுடரையும் காயையும் அவரிடமே வாங்குங்கள். நாலு அணி சேர்ந்தால், பரிசுப் போர்டையும் அங்கேயே வாங்கலாம்.

மலைக்கென்று ஒன்று சொல்ல வேண்டும். ஜூன் பிறந்தால் ஈரம் பலகைக்குள் இறங்கிவிடும். பவுடர் திப்பிதிப்பியாக ஒட்டும், காய் பாதி வழியில் நின்றுவிடும். போர்டைச் சுவரில் சாய்க்காமல், தரையிலும் வைக்காமல், பெஞ்சின் மேல் படுக்கையாக வையுங்கள். ஆட்டத்துக்கு அரை மணி முன்னால், பழைய குண்டு பல்பு ஒன்றைப் போர்டுக்கு மேலே தாழத் தொங்கவிட்டு எரியவிடுங்கள். பலகையில் உள்ளங்கையை வைத்தால் இளஞ்சூடு தெரிய வேண்டும். அப்புறம் பவுடர் போட்டுத் துணியால் துடைத்துக் காய் அடுக்கலாம்.