ஒளி காட்டும் உடல் – 9: தோல் குடிக்கும் காற்று

விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரையும் அதற்கு வழிசெய்த டகுவோ அயோயாகியையும் சென்ற வாரம் பார்த்தோம். தமனி ரத்தம் எவ்வளவு ஆக்ஸிஜன் சுமக்கிறது என்பதை அது சொல்லிவிடும். சுமந்து வந்தது ஆறாத புண்ணின் ஓரம்வரை போய்ச் சேர்ந்ததா? அதைத் தோலின் மேலேயே படம் பிடிக்கும் முறைதான் இந்த வாரத்துக்கு. அதற்குமுன் ஒன்றைச் சொல்லாமல் என்னால் நகர முடியவில்லை.

நம் தோலின் மேலடுக்கு ரத்தத்தை மட்டும் நம்பி வாழவில்லை. நேராக வெளிக்காற்றிலிருந்தே ஆக்ஸிஜனை எடுத்துக்கொள்கிறது! தோல் காற்றை உறிஞ்சுவதை ஜெர்மன் உடற்கூறியலாளர் கெர்லாக் 1851லேயே காட்டிவிட்டார். எவ்வளவு ஆழத்துக்கு என்பதுதான் கேள்வி. 2002ல் ஸ்டூக்கர் குழுவினர் அளந்து சொன்ன விடை: 0.25 முதல் 0.40 மில்லிமீட்டர் வரை. பெரும்பாலான இடங்களில் மேல்தோல் அவ்வளவு தடிமன்கூடக் கிடையாது. அப்படியென்றால், ரத்த நுண்குழாய்கள் ஓடுகிற உள்தோலின் மேற்பகுதிக்கும் காற்றுதான் படியளக்கிறது. இதைப் படித்ததிலிருந்து என் புறங்கையை அடிக்கடி பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

1964ல் வந்த ‘கோல்டுஃபிங்கர்’ படத்தில், உடல் முழுக்கத் தங்க வண்ணம் பூசப்பட்ட பெண் தோல் மூச்சுமுட்டி இறந்துபோவாள். அப்படி நடக்காது. தோல் எடுக்கும் காற்று தோலுக்கே சரி. உடலின் மொத்தத் தேவையில் அதன் பங்கு மிகமிகச் சொற்பம்.

ஸ்டூக்கர் குழுவின் அந்த 2002 கட்டுரையை எழுதியவர்களில் லூபர்ஸ் என்றொரு பெயர் இருக்கிறது. 1972ல் ஹூக் தம்பதியோடு சேர்ந்து, பச்சிளம் குழந்தையின் தோலில் உணரியை ஒட்டவைத்தே ஆக்ஸிஜனை அளந்தவரும் இவரேதான். சாதாரண வெப்பத்தில் தோல் பரப்புக்கு உள்ளிருந்து ஆக்ஸிஜன் ஏறக்குறைய வருவதே இல்லை. அதனால் தோலைச் சூடாக்கி, ரத்த ஓட்டத்தைப் பெருக்கி அளந்தார்கள். அதே மனிதர் முப்பது ஆண்டு கழித்தும் அதே தோலை விடவில்லை. இந்த விடாப்பிடி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

இப்போது படத்துக்கு வருவோம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் கானர் எவன்ஸ் குழுவினர் 2014ல் திரவக் கட்டு (லிக்விட் பேண்டேஜ்) ஒன்றை அறிமுகப்படுத்தினார்கள். தோலில் பூசினால் சீக்கிரம் காய்ந்துவிடும். அதில் ஒரு ஒளிர்பொருள் கலந்திருக்கிறது. கேமரா ஃபிளாஷ் பட்டதும் அது சிவப்பாக ஒளிரும். ஆக்ஸிஜன் மூலக்கூறு வந்து மோதினால் அதன் ஆற்றல் பறிபோய் ஒளி மங்கும். ஆக, ஆக்ஸிஜன் குறைந்த இடம் பளிச்சென்று தெரியும். கூடவே ஆக்ஸிஜனுக்கு அசையாத இன்னொரு சாயமும் உண்டு. இரண்டின் ஒளியையும் ஒப்பிட்டால், எந்த இடத்தில் எவ்வளவு என்று வரைபடமே கிடைத்துவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலே காற்று புகாத ஒரு மெல்லிய பூச்சு. அது இல்லாவிட்டால் கேமராவில் விழுவது அறையின் காற்றுதான். உள்ளிருந்து வரும் ஆக்ஸிஜன் அதில் மறைந்துபோகும்.

தீக்காயத்திலும் ஒட்டுத்தோலிலும் இந்தப் படம் எதைக் காட்டியது என்பதற்கு இங்கே இடம் போதவில்லை. அடுத்த வாரம் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

(தொடரும்)