மாயக்கல்லியில் ஒரு நடை: கல் யாருடையது, காணி யாருடையது?

இறக்காமத்தைத் தாண்டி மாணிக்கமடுப் பக்கம் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு நடந்தேன். அறுவடை முடிந்த வயல்களில் மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. பற்றைகளுக்கு அப்பால் மாயக்கல்லி மலை தெரிந்தது. மலை என்று பெயர் இருந்தாலும் அது ஒரு பாறைக் குன்றுதான்.

2016 ஒக்டோபர் இறுதியில் இங்கே புத்தர் சிலை ஒன்று வைக்கப்பட்டது. சுற்றியுள்ள கிராமங்களில் வாழ்பவர்கள் முஸ்லிம்களும் தமிழர்களும். அடுத்த வருடம் அருகில் விகாரை கட்டும் முயற்சி நடந்தபோது பதற்றம் கூடியது.

"கல்லப் பாக்க ஆரும் வரட்டும் மகன். கல்லுக்குப் பின்னால வயலுக்கும் எல்லை போட்டிருவாங்களோ எண்டுதான் பயம்" என்றார் வழியில் சந்தித்த முதியவர் ஒருவர்.

இந்தப் பக்கத்தில் பழைய பௌத்தத் தடயங்கள் இருப்பது உண்மை. தீகவாபி தூபி அதிக தூரத்தில் இல்லை. மழைநீர் உள்ளே வழியாதபடி மேல்விளிம்பு வெட்டப்பட்ட குகைகளும், அவற்றைத் துறவிகளுக்குக் கொடுத்தவர்களின் பெயர் சொல்லும் பிராமி எழுத்துகளும் அம்பாறை மாவட்டத்தில் பல இடங்களில் உள்ளன. அவற்றில் ஒன்றான குடுவில் கல்வெட்டு, தீகவாபி வணிகர்களோடு 'தமேட' என்று தமிழரையும் குறிப்பிடுகிறது. ஆகவே பௌத்தத் தடயம் என்றவுடன் அது ஒரு இனத்துக்கு மட்டும் உரியது என்று சொல்ல முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது? 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முந்தியவற்றையே பொதுவாகத் தொல்பொருளாகக் கொள்கிறது. 2016இல் வைத்த சிலை அந்தக் கணக்கில் வராது. தொல்பொருள் ஒதுக்குக் காணியை வர்த்தமானியில் அறிவிக்கலாம். ஆனால் அது அரச காணியாக இருக்க வேண்டும். தனியார் காணியிலுள்ள சின்னத்தைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தாலும், அந்த அறிவிப்பால் மட்டும் காணி உரிமை கைமாறுவதில்லை. அருகில் கட்டடம் கட்டத்தான் கட்டுப்பாடுகள் வரும்.

எனவே எல்லாம் ஒரு கேள்வியில் வந்து நிற்கிறது: அரச காணி எது, மக்களின் காணி எது?

2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருள் முகாமைத்துவத்துக்கு ஜனாதிபதி செயலணி அமைக்கப்பட்டது. தலைவர் அப்போதைய பாதுகாப்புச் செயலாளர். தமிழ் பேசுவோர் பெரும்பான்மையாக வாழும் மாகாணத்துக்கான அந்தச் செயலணியில், நியமிக்கப்பட்டபோது ஒரு தமிழரோ முஸ்லிமோ இருக்கவில்லை. மக்களின் பயத்துக்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இதில் எங்கள் பலவீனம் ஒன்றும் உண்டு. உள்பக்க வயல்களின் சொந்தக்காரர்கள் பலர் கரையோர ஊர்களில் இருப்பவர்கள். போரின் இடப்பெயர்வில் சிலரது உறுதிகள் தொலைந்தன. 2004 சுனாமியில் இன்னும் பலரது பத்திரங்கள் கடலோடு போயின. எல்லை அளக்க ஆள் வந்த பிறகு பத்திரம் தேடினால் நேரம் போதாது. உறுதிக் காணி என்றால் காணிப் பதிவகத்தில் சான்றுப்படுத்திய பிரதி கேட்கலாம். அனுமதிப் பத்திரக் காணி என்றால் பிரதேச செயலகப் பேரேட்டில் பெயர் இருக்கிறதா என்று இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வரும்போது அந்த முதியவர் வரம்பு கட்டிக்கொண்டிருந்தார். உறுதி இருக்கிறதா என்று கேட்டேன். "வாப்பாட பேரில இருந்த. எங்க வச்சமெண்டு தேடணும்" என்றார்.