செவிப்பறைக்குப் பின்னால் தேங்கும் நீர்

செவிப்பறைக்குப் பின்னால், ஒரு தேக்கரண்டி நீரைக்கூடக் கொள்ளாத சிறு குழியாக அமைந்த நடுச்செவி, காற்று நிறைந்திருக்கும்வரைதான் தன் வேலையைச் சரியாகச் செய்யும். சுத்தி, பட்டடை, அங்கவடி என்னும் மூன்று நுண்ணெலும்புகள் அங்கே ஒன்றோடொன்று கோத்து நின்று, அகன்ற செவிப்பறையில் விழும் விசையை அங்கவடியின் மிகச் சிறிய அடித்தட்டில் குவித்து, அழுத்தத்தை ஏறத்தாழ 20 மடங்காக்கித் திரவம் நிரம்பிய உட்செவிக்குள் செலுத்துகின்றன. இந்தக் குழியில் நீர் கட்டிக்கொண்டால் செவிப்பறையும் எலும்புகளும் கனத்துப்போய், அசைவு மந்தமாகிறது.

அந்த நீர் குளிக்கும்போது புகுந்தது என்று பலர் எண்ணுகின்றனர். கிழியாத செவிப்பறை ஒரு துளியையும் உள்ளே விடாது. கோளாறு தொடங்குவது பெரும்பாலும் மூக்கின் பின்புறத்தில். நடுச்செவியை அங்கே இணைக்கும் மெல்லிய பாதைக்கு, 16ஆம் நூற்றாண்டின் இத்தாலிய உடற்கூற்றியலாளர் பார்த்தலோமியோ யூஸ்டாக்கியின் பெயரால் யூஸ்டேக்கியன் குழல் என்று பெயர். வழக்கமாக மூடியே இருக்கும் இக்குழல், விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் ஒரு கணம் திறந்து, நடுச்செவிச் சவ்வு உறிஞ்சிக்கொண்ட காற்றுக்கு ஈடாகப் புதுக்காற்றை அனுப்புகிறது. சளி பிடித்துக் குழல் அடைபட்டால் உள்ளழுத்தம் குறைந்து, செவிப்பறை உட்புறமாக இழுபடுகிறது. அழற்சியுற்ற சவ்விலிருந்து நீர் கசிந்து, நாளடைவில் சிலருக்குப் பசைபோலக் கெட்டிப்படுகிறது.

குழந்தைகளுக்கு இந்த அடைப்பு எளிதில் நேர்கிறது. அவர்களின் குழல் பெரியவர்களுடையதில் ஏறக்குறைய பாதி நீளமே உடையது. சரிவின்றிக் கிட்டத்தட்டப் படுக்கையாகவும் கிடக்கிறது. போதாக்குறைக்கு, மூக்கின் பின்னாலுள்ள அடினாய்டு என்னும் நிணநீர்த் திசு அந்த வயதில்தான் பருத்திருக்கும். குழலைத் திறக்கும் தசை அண்ணத்தோடு இணைந்தது என்பதால், அண்ணப் பிளவோடு பிறக்கும் குழந்தைகளில் அநேகமாக எல்லோருக்கும் இந்நிலை ஏற்படுகிறது.

சீழ் பிடித்த காதைப் போல இதில் கடும் வலியோ காய்ச்சலோ இராது. அதுவே இதன் தொல்லை. கேள்திறன் சராசரியாக 25 முதல் 30 டெசிபல் அளவுக்குக் குறையும்போது, உயிரொலிகள் காதில் விழுந்தாலும் மெல்லிய மெய்யொலிகள் நழுவிவிடுவதால், 'பல்' என்பதும் 'கல்' என்பதும் குழந்தைக்கு ஒன்றுபோலவே கேட்கும். இன்று கேட்பதும் நாளை கேளாததுமாக மாறிமாறி வருவதால், வீட்டிலும் பள்ளியிலும் அதற்குக் கிடைப்பது மருத்துவமன்று, 'சொன்னால் கேட்பதில்லை' என்ற வசையே.

மருத்துவர் செவிநோக்கியால் பார்க்கையில், முத்துச்சாம்பல் நிறத்தில் பளபளக்க வேண்டிய செவிப்பறை மங்கி, பழுப்பு மஞ்சளாகத் தெரியலாம்; சில வேளைகளில் நீர்மட்டம் ஒரு மயிரிழைக் கோடாகவும், அதன்மேல் காற்றுக் குமிழிகளும் தென்படும். காதுத் துளையில் அழுத்தத்தை ஏற்றி இறக்கிச் செவிப்பறையின் இளக்கத்தை அளக்கும் டிம்பனோமெட்ரி சோதனையில், குன்றுபோல் எழ வேண்டிய வரைகோடு தட்டையாகவே ஓடும்.

பெரும்பாலான குழந்தைகளுக்கு 3 மாதங்களுக்குள் நீர் தானாக வற்றிவிடுவதால், காத்திருந்து கவனிப்பதே முதல் வழி. நுண்ணுயிர்க்கொல்லிகளும் சளி மருந்துகளும் இதற்குப் பயன்படுவதில்லை. காதில் காய்ச்சி ஊற்றும் எண்ணெய் செவிப்பறையைத் தாண்டுவதே இல்லை. நீர் வற்றாமல் கேள்திறன் குறைந்தே இருந்தால், செவிப்பறையில் சிறு கீறலிட்டு நீரை உறிஞ்சியபின், நூல் சுற்றும் உருளையின் வடிவிலான, நடுவே துளையுள்ள 'குரோமெட்' என்னும் குழாய் பொருத்தப்படுகிறது. அமெரிக்க மருத்துவர் பெவர்லி ஆம்ஸ்ட்ராங் 1954இல் பிளாஸ்டிக் குழாயைக் கொண்டு நடைமுறைப்படுத்திய இம்முறை, அடைபட்ட குழலுக்கு மாற்றாக நடுச்செவிக்கு ஒரு சாளரம் வைப்பதற்கு ஒப்பானது. செவிப்பறையின் தோல் வெளிப்புறமாக வளர்ந்து நகரும் இயல்புடையதாகையால், பெரும்பாலும் 6 முதல் 12 மாதங்களில் அந்தக் குழாய் தானே தள்ளப்பட்டுக் குறும்பியோடு வெளியே வந்துவிடும். துளையும் பொதுவாகத் தானே மூடிக்கொள்ளும்.